உட்கார்ந்து பார்க்காமல் வாங்கிய சைக்கிள்

வெள்ளிக்கிழமை விடிந்ததே சண்டையில்தான்.

வீட்டின் நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், சரி. கிணற்றை எப்படிப் பிரிப்பது? அண்ணன் கோதண்டராமன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி கிணற்றடிக்கு வந்தால், அங்கே தம்பி காசி தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நேற்றும் துடைத்தான். முந்தாநாளும் துடைத்தான். துடைத்து முடித்து நிமிர்த்தி வைத்து, மணியை நாலு தரம் அடித்துப் பார்த்தான். ஐந்தாவது தரம் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தான்.

"கண்ணம்மா!" என்று சுவருக்கு அந்தப்புறம் இருந்த தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "சில பேரு இன்னிக்கி வேலூருக்குப் போறாங்களாம். நாப்பது வயசுல நடவண்டி வாங்கறதுக்கு!"

கண்ணம்மாள் சிரித்த சிரிப்பு ஆம்பூர் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கோதண்டராமன் குச்சியைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமலே உள்ளே போய்விட்டார். பதில் சொல்லலாம்தான். பேசுவதில்லை என்று ஒரு வருஷமாகக் கட்டிக்காத்த வைராக்கியத்தை ஒரு நடைவண்டிக்காக விட்டுவிட முடியுமா?

தெருப்பக்கத்துப் பாகம் யாருக்கு என்று தொடங்கிய தகராறுதான் சுவரில் வந்து முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், சுவர் வீட்டுக்கு மட்டும்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் சோறு போடுவது நசீர் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்புதான். கோதண்டராமன் அங்கே தோலைத் தரம் பிரிப்பவர். பிரித்த தோலைக் கட்டாகக் கட்டி வண்டியேற்றி ரயிலடியில் சேர்ப்பவன் காசி. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தோல் போகும், பேச்சு போகாது.

தரம் பிரிப்பதோடு இன்னொரு வேலையும் கோதண்டராமனுக்கு உண்டு. பேரணாம்பட்டிலிருந்து நாட்றம்பள்ளி வரை கிராமம் கிராமமாகப் போய்ப் பச்சைத்தோலைப் பார்த்துப் பொறுக்கி விலை பேசும் வேலை. 'சுற்று வேலை' என்பார்கள். பதினைந்து வருஷமாக மாட்டுவண்டியில் போய்வந்தார். எந்த ஊருக்குப் போனாலும், 'ஆம்பூர் கோதண்டம் வந்துட்டாரு' என்று கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் வந்தது வினை. எதிர் ஷாப்பின் ஆள் ஒருவன் சைக்கிளில் முந்திப்போய் நல்ல தோலையெல்லாம் பேசி முடித்துவிட்டு, ஓட்டையும் வெட்டும் விழுந்ததை இவருக்கு விட்டுவைக்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"கண்ணு உனக்கு இருக்குது, கோதண்டம். காலு உன் தம்பிக்கு இருக்குது. எனக்கு இப்போ காலுதான் வேணும். சனிக்கிழமை காலையில சொந்த சைக்கிளோட வந்து நில்லு. ஓட்டிப் பழக ஒரு வாரம் டயம் தர்றேன். வரலேன்னா சுத்து வேலை காசிக்கு."

காசி ஊர் ஊராய்ப் போய் வாங்கிக் குவிக்க, அதை அண்ணன்காரன் தரையில் குந்திக்கொண்டு பிரிப்பதா? அந்த எண்ணம் வந்ததிலிருந்து கோதண்டராமனுக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போகலாம் என்றுகூட ஒரு ராத்திரி நினைத்தார். பிறகு சைக்கிள் வாங்கலாம் என்று நினைத்தார்.

பணம் அவர் பெண்டாட்டி அமிர்தவள்ளியிடம் இருந்தது. இரண்டு எருமையின் பாலை ஊற்றி ஊற்றிச் சேர்த்த முப்பது ரூபாய். அதை முந்தானையில் முடிந்துகொண்டு புருஷனுக்கு முன்னால் அவள் வாசலில் நின்றாள்.

"நீ எங்க வர்றே?"

"பணம் எங்க போவுதோ அங்க வர்றேன்."

* * *

மோட்டார் பஸ் மாதனூர் தாண்டும்வரை அமிர்தவள்ளி பேசவில்லை. தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, வாங்கறதுக்கு முன்னாடி உக்காந்து பாக்கணுமாம். உக்காந்தா ரெண்டு காலும் தரையில படணுமாம். புதுசா பழகறவங்களுக்கு அதான் மொதல்ல பாக்க வேண்டியதாம்."

"யாரு சொன்னது?"

"மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா. ஆரோக்கியமேரி. அது தினம் சைக்கிள்லதானே போவுது. சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டா கோணாம ஓடணும்னு சொல்லிச்சு. பிரேக்கு..."

"ஊசி போடற பொம்பள சொல்லி நான் சைக்கிள் வாங்கணுமா? உனக்கு இன்னா தெரியும்?"

முன் வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தவள்ளி முந்தானை முடிச்சை இன்னொரு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலூர் வரைக்கும் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

லாங் பஜாரில் அந்த நேரத்துக்குக் கை வண்டியும் மூட்டை தூக்குகிறவனும் மாடும் மனிதனும் ஒருவர்மேல் ஒருவர் ஏறாத குறை. சைக்கிள் கடைக்காரன் ரத்தினசாமி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். வந்தவரின் முகத்தை அவன் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். ஆவாரம்பட்டைச் சாயம் ஏறி முழங்கை வரைக்கும் பழுப்பேறிய கை.

"ஆம்பூருங்களா, வாணியம்பாடிங்களா?" என்று எழுந்தான்.

"ஆம்பூரு."

"அதானே பாத்தேன். வாங்க, வாங்க."

முதலில் ஒரு புது இங்கிலீஷ் சைக்கிளைக் காட்டினான். விலையைக் கேட்டதும் கோதண்டராமன் அதன்மேல் வைத்த கையை எடுத்துவிட்டார். அடுத்தது ஜப்பான் சைக்கிள். குட்டையானது, புதுசு, இருபத்து நாலு ரூபாய்.

"இது நல்லாருக்குதே," என்றாள் அமிர்தவள்ளி. சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். கோணாமல் ஓடியது. பிரேக்கைப் பிடித்தாள். நின்றது. "இதும்மேல உக்காருங்க, பாக்கலாம்."

கோதண்டராமன் அதன் ஆசனத்தைத் தொட்டுப் பார்த்து, ஏதோ அழுகலைத் தொட்டதுபோல விரலை வேட்டியில் துடைத்தார். "இது தோலா? அட்டை. நாலு மழையில ஊறிப்போயிடும்."

ரத்தினசாமி இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தான் போலிருக்கிறது. விடுவிடென்று உள்ளே போய் ஒரு உயரமான கறுப்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். பழசு. புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தது. அதன் ஆசனம் மட்டும் தேன் நிறத்தில் மின்னிற்று.

"தோல் தெரிஞ்சவங்களுக்குன்னு எடுத்து வெச்சது. மத்தவனுக்கு இதைக் காட்டமாட்டேன்."

கோதண்டராமன் சைக்கிளைப் பார்க்கவில்லை. ஆசனத்தின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். நகத்தால் ஓரத்தைக் கீறினார். குனிந்து மோந்தார். கடைக்கு முன்னால் நாலு பேர் கூடிவிட்டார்கள். கூடட்டும்! காலையிலிருந்து அவரை நடைவண்டிக்காரனாக நடத்திய உலகம் இப்போது பார்க்கட்டும். சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தோலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அந்த நிமிஷம் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இது நம்ம பக்கத்துச் சரக்கே இல்ல," என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "நம்ம தொட்டியில இந்தப் பதம் வராது. சீமைத் தோலு."

"உங்க கைக்குத் தெரியாதா, அண்ணே?" என்றான் ரத்தினசாமி.

அமிர்தவள்ளி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினாள். அது குடித்தவன் நடப்பதுபோல இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு ஓடியது.

"இன்னாங்க, கோணிக்கினு ஓடுது."

"வாயை மூடு."

"உக்காந்தாவது பாருங்க. எவ்ளோ ஒசரம்! உங்க காலு எட்டாது."

"ஏறிப் பாக்கறீங்களா?" என்று ரத்தினசாமியும் கேட்டு வைத்தான். கேட்டுவிட்டுக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான்.

அந்தப் பார்வை கோதண்டராமனுக்குப் புரிந்தது. இத்தனை பேருக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, கால் எட்டாமல் தொங்கி, கை வண்டிக்காரன் மேல் விழுந்தால்? வேலூரில் விழுந்தது ஆம்பூருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"வேணாம்," என்றார். "பணத்தை எடு, வள்ளி."

"உக்காந்து பாத்தாத்தான் எடுப்பேன்."

"எடுக்கறியா, இல்ல இங்கேயே ரெண்டு வெக்கட்டுமா? உனக்கு இன்னா தெரியும்?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அமிர்தவள்ளியின் முகம் செத்துப்போயிற்று. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். முப்பதிலிருந்து பேரம் பேசி இருபத்தெட்டில் முடிந்தது. ரூபாய்களை ரத்தினசாமியின் கையில் கொடுக்காமல் ஸ்டூலின் மேல் வைத்தாள்.

இரண்டு வருஷத்துப் பால் அது. விடிவதற்கு முன் எழுந்து கறந்த பால். கோதண்டராமனுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல், மறை கழற்றும் ஸ்பானர் ஒன்றை இனாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸின் மேல் சைக்கிளைக் கட்டினார்கள். பள்ளிகொண்டாவில் ஒரு தரம் மட்டும் அமிர்தவள்ளி வாய் திறந்தாள்.

"சீட்டு ஓடாதுங்க. சக்கரந்தான் ஓடும்."

* * *

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. தோல் காயப்போடும் மைதானத்தில் ஈ காக்கை இருக்காது, யாருக்கும் தெரியாமல் இரண்டு சுற்றுப் பழகிவிடலாம் என்று கோதண்டராமன் கணக்குப் போட்டிருந்தார். மைதானத்துக்குப் போனால் ஆவாரம்பட்டைக் குவியலின்மேல் சிங்காதனம்போல உட்கார்ந்து காசி வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய சைக்கிள். அதன் பக்கத்தில் கண்ணம்மாள், இடுப்பில் கை.

திரும்பிப் போனால் கேவலம். கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். தொட்டி விளிம்புக் கல்லின்மேல் ஏறி நின்று அங்கிருந்து சைக்கிளுக்குத் தாவினார். அமிர்தவள்ளி பின்னால் பிடித்துக்கொண்டாள். வலது கால் மிதியை எட்டும்போது இடது கால் அந்தரத்தில் தொங்கியது. இடது கால் எட்டும்போது வலது தொங்கியது. எப்படியோ ஆறு கஜம் போயிற்று. ஏழாவது கஜத்தில் முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ள, முன்னால் ஏதோ 'டக்' என்று முறிந்தது. கோதண்டராமன் சுண்ணாம்புச் சேற்றில் மல்லாந்தார்.

கண்ணம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காசி இறங்கி வந்து சைக்கிளைச் சுற்றி ஒரு சுற்று வந்தான்.

"சக்கரம் புடிக்கற கவையில ஒட்டுப் போட்ட வண்டி! மேல பெயிண்டு அடிச்சு மூடியிருக்கான். சின்னப் பையன்கூட ஒரு தடவை ஏறிப் பாத்துத்தான் வாங்குவான். கண்ணம்மா, உங்க மாமாவுக்கு எவ்ளோ மூளைன்னு பாத்தியா? ஏமாந்த சோணகிரி!"

முழங்கையில் ரத்தம் வந்தது. அது வலிக்கவில்லை. அமிர்தவள்ளி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றதுதான் வலித்தது.

"கவையைக் கொல்லன் பத்த வெச்சிடுவான்," என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிக்கொண்டு எழுந்தார். "சீட்டை இறக்கினா காலும் எட்டும். வள்ளி, அந்த ஸ்பானரை எடு."

காசியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சீட்டுல கை வெக்காதே, அண்ணே."

கோதண்டராமன் நிமிர்ந்து பார்த்தார். அண்ணே! ஒரு வருஷத்துக்குப் பிறகு.

"சீட்டை இறக்கி இன்னா ஆவப்போவுது?" என்று அருகில் வந்தான் காசி. குரல் குழைந்திருந்தது. "நாளைக்கு என் சைக்கிளை எடுத்துக்கினு போய் மொதலாளிகிட்ட காட்டு. உன்னுதுன்னே சொல்லு. நானே பின்னால புடிச்சு ஓட்டக் கத்துத் தர்றேன். அந்தப் பாடாவதியை என்கிட்ட விடு, நான் ரிப்பேர் பண்ணித் தர்றேன்."

கோதண்டராமன் ஸ்பானருக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். சதை ஆடும் அல்லவா?

அமிர்தவள்ளிக்கு அந்தப் பலவீனமெல்லாம் கிடையாது. "காலையில நடவண்டி. இப்போ திடீர்னு பாசம். இன்னா விசயம்?" என்றவள், கேட்டுக்கொண்டே மறையைத் திருகினாள். காசி பாய்ந்து வருவதற்குள் ஆசனம் கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பிப் புருஷனிடம் நீட்டினாள்.

அடிப்பக்கத்தில், சதைப் புறத்தில், மூன்று கீறல்கள். நடுக்கீறல் மட்டும் சற்று நீளம்.

அது கோதண்டராமனின் குறி. முதல் தரம் என்று அவர் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு மாட்டுத்தோலிலும் வால் பக்கத்தில் தம் கத்தியால் போடும் குறி. ஷாப்பில் அப்படிக் கீற வேறு ஒருவருக்கும் அதிகாரமில்லை. காலையில் கூட்டத்துக்கு நடுவில் சீமைத்தோல் என்று சாட்சி சொன்னாரே, அது அவரே தொட்டியில் பார்த்து, அவரே பிரித்து, அவரே குறி போட்ட தோல்.

முதல் தரம் எல்லாம் மதராஸுக்குப் போய்க் கப்பலேறும். லாங் பஜாருக்கு எப்படி வந்தது? பிரித்த தோலை வாங்கிக் கட்டுக் கட்டி ரயிலடிக்குக் கொண்டுபோவது யார்? ஆறு மாதத்துக்கு முன் திடீரென்று சைக்கிள் வாங்கியது யார்?

"எத்தினி தோலுடா?" என்றார் கோதண்டராமன். ஒரு வருஷத்துக்குப் பிறகு தம்பியோடு அவர் பேசிய முதல் பேச்சு இதுவாக அமைந்தது.

"ரெண்டு."

"எத்தினி?"

"நாலு."

கண்ணம்மாளின் கை இடுப்பிலிருந்து வாய்க்குப் போயிற்று. "சைக்கிள் வாங்க மொதலாளி இனாம் குடுத்தாருன்னு சொன்னீங்களே!" என்றாள்.

"நீ சும்மா இரு!" என்று அவள்மேல் விழுந்தான் காசி. பிறகு அண்ணனைப் பார்த்தான். குழைவெல்லாம் போய்விட்டது. "போய்ச் சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு! அதுல இருக்கறது யாரு குறி? என்னுதா? இன்னிக்கி லாங் பஜாருக்குப் போனது யாரு? நானா? நாலு பேரு நடுவுல நின்னு மோந்து பாத்துத்தானே நீ வாங்கியிருப்பே? ரத்தினசாமியைக் கேட்டா உன்னைத்தான் காட்டுவான். என்னைத் தெரியவே தெரியாதும்பான். உன் குறி, உன் சைக்கிள். மாட்டப்போறது நீதான்."

பட்டைக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கறுப்புக் குடை ஒன்று தெரிந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நசீர் அகமது சாயபு தொட்டிகளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையானாலும் ஒரு நடை வருவது அவர் வழக்கம்.

கோதண்டராமன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"கை வெக்காதீங்க," என்று அமிர்தவள்ளி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்படியே மொதலாளிகிட்ட காட்டிடலாம். தப்பு பண்ணாதவங்க எதுக்குச் சீவணும்?"

"விடு. உனக்கு இன்னா தெரியும்?"

பதினைந்து வருஷத்துக் கை. ஒரே இழுப்பில் மூன்று கீறலும் சுருளாகச் சீவிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. ஆசனத்தைத் தண்டின்மேல் செருகிவிட்டுக் கத்தியை மறைத்தார்.

சாயபு குடையை மடக்கிக்கொண்டே வந்தார். "அரே, கோதண்டம்! வாங்கிட்டியா சைக்கிளு?" என்றார் சந்தோஷமாக.

முறிந்த கவையை அவர் பார்க்கவில்லை. கோணல் சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஆம்பூரில் யாருடைய கையும் எங்கே போகுமோ அங்கே அவருடைய கையும் போயிற்று. கட்டை விரலால் அழுத்தினார். நகத்தால் கீறினார். குனிந்து மோந்தார்.

"நம்ம தொட்டி!" என்றார். "நம்ம தொட்டி வாசனை எனக்குத் தெரியாதா?"

பிறகு ஆசனத்தைத் தூக்கித் திருப்பினார். பழுப்புக்கு நடுவில் அரையணா அகலத்துக்கு வெளுப்பாக, பச்சையாக, இப்போதுதான் சீவிய இடம். அதை விரலால் தடவினார்.

"இங்க இன்னா இருந்துது, கோதண்டம்?"

கோதண்டராமன் இடுப்புக் கத்தியை இன்னும் உள்ளே தள்ளினார்.

"அண்ணன் இன்னிக்கிதான் வேலூர்லேந்து வாங்கியாந்தாரு, மொதலாளி," என்றான் காசி. 'வாங்கியாந்தாரு' என்று மரியாதை வேறு.

"உன்னைக் கேக்கல." சாயபு குரலை உயர்த்தவே இல்லை. "குறி இருந்தா, நீ பிரிச்சு எண்ணிக் குடுத்த தோலு. அப்புறம் காணாமப் போச்சுன்னா கட்டுக் கட்டறவனைக் கேப்பேன். குறி இல்லேன்னா, எண்றதுக்கு முன்னாடி உன் கொட்டாயிலேந்தே போன தோலு. அதான் கேக்கறேன். இங்க குறி இருந்துதா, இல்லியா?"

கோதண்டராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருஷமாகத் தாமே நடத்திவரும் முறை. மூன்று கீறலும் அவரைக் காப்பாற்ற இருந்த மூன்று சாட்சிகள். தம்பி போட்ட ஒரு மிரட்டலில் தம் கையால் தாமே கழுத்தை அறுத்துக்கொண்டார். காசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது முன்பே தெரியும்.

"இருந்துது, மொதலாளி."

"யாரு சீவினது?"

"நான்தான்."

"ஏன்?"

என்ன சொல்வது? பயந்துபோய் என்று நாற்பது வயசு மனுஷன் எப்படிச் சொல்வது?

சாயபு ஆசனத்தை அவர் கையில் வைத்தார். "பதினஞ்சு வருசம், கோதண்டம்," என்றார். குடையை விரித்தார். "நாளைக்குக் காலையில வா. சைக்கிள் வேணாம். சீட்டை மட்டும் எடுத்துக்கினு வா."

குடை கொட்டகைக்கு அப்பால் மறைந்தது. காசி தன் சைக்கிளை எடுத்துக்கொண்டான். மணி அடிக்கவில்லை.

கண்ணம்மாள் மட்டும் நகரவில்லை. அவள் அமிர்தவள்ளியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டராமனும் பார்த்தார். முதலாளி வந்ததிலிருந்து போகும்வரை அமிர்தவள்ளி நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. இப்போது வலது பாதத்தை எடுத்தாள். அதன் கீழே அந்தத் தோல் சுருள் இருந்தது. மண்ணை ஊதிவிட்டு உள்ளங்கையில் விரித்தாள். மூன்று கீறலும் முழுசாக இருந்தன.

"அக்கா," என்றாள் கண்ணம்மாள். "அதை மொதலாளிகிட்ட காட்டினா என் வூட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க, அக்கா."

"காலையில சிரிச்சியே, எனக்கும் கேட்டுது."

"வள்ளி, குடு அதை," என்று கோதண்டராமன் கை நீட்டினார்.

அமிர்தவள்ளி அந்தக் கையைப் பார்த்தாள். கொடுக்கவில்லை. காலையில் முப்பது ரூபாய் இருந்த முந்தானை நுனியில் சுருளை வைத்து முடிந்தாள். இரண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் இறுக்கினாள்.

"உக்காந்து பாருங்கன்னு சொன்னேன். சீவாதீங்கன்னு சொன்னேன்," என்றாள். "இதைக் காட்டறதா வேணாமான்னு நானே பாத்துக்கறேன். இனிமே சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். கோதண்டராமன் ஒரு கையில் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த மொட்டை சைக்கிளை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.